எம்.எக்ஸ். என்றொரு பம்பாய்வாசி

சினிமா கோர்ட்டில் ஒரு காட்சி கட்டாயம் உண்டு. டவாலி மாட்டிய ஆள் வாசலுக்கு வந்து, ஊருக்கே கேட்கிற மாதிரி ஒரு பெயரை மூன்று தரம் கூப்பிடுவார். நிஜ கோர்ட்டில் இவ்வளவு அமர்க்களம் கிடையாது. ஆனால் பெயர் உண்டு. அன்றைய வழக்குப் பட்டியலில், மனுவின் முதல் பக்கத்தில், தீர்ப்பின் தலைப்பில்... எங்கும் பெயர். இன்னாருடைய மகன் இன்னார், வயது இத்தனை, இந்த ஊர், இந்தத் தெரு. நியாயம் கேட்டு வருகிறவர் முதலில் தான் யாரென்று சொல்லியாக வேண்டும்.

1997 ஏப்ரலில் பம்பாய் உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. சட்டப் புத்தகத்தில் அதைத் தேடிப் பாருங்கள். வழக்குப் போட்டவர் ‘பம்பாய்வாசி எம்.எக்ஸ்.’ எதிர்த் தரப்பு ‘இசட்.ஒய்.’ என்ற நிறுவனம். அவ்வளவுதான். ஏதோ அல்ஜீப்ரா கணக்கு மாதிரி இருக்கிறதல்லவா? எம்.எக்ஸ். யார், எந்தத் தெருவில் குடியிருந்தார், பிள்ளைகள் எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள்? எதுவும் தெரியாது. இசட்.ஒய். ஒரு பொதுத்துறை நிறுவனம் என்பது வரைக்கும்தான் தெரியும்.

அவர் கேட்டது பறிபோன வேலையை. தினக்கூலி வேலை. போன காரணம், ரத்தத்தில் எச்.ஐ.வி.

அந்த வேலை திரும்பக் கிடைத்ததா என்பதைவிட, பெயரில்லாமல் ஒரு மனிதர் வழக்காட வேண்டி வந்தது எப்படி என்பதுதான் பெரிய கதை. அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். தூரமாக இல்லை, சென்னைக்கு.

1986. சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியராக இருந்தவர் டாக்டர் சுனிதி சாலமன். அமெரிக்காவைக் கலக்கிக்கொண்டிருந்த எய்ட்ஸ் இந்தியாவுக்குள் வந்துவிட்டதா என்று பார்க்கச் சொல்லி, தன்னிடம் படித்த நிர்மலா என்கிற மாணவிக்கு ஆய்வுத் தலைப்பு கொடுத்தார். ‘அதெல்லாம் அமெரிக்காக்காரன் வியாதி, நம்ம ஊருக்கு வராது’ என்று பெரிய பெரிய ஆட்களே நம்பிக்கொண்டிருந்த காலம். நிர்மலா அரசுக் காப்பகத்தில் இருந்த பாலியல் தொழிலாளிகளிடம் ரத்தம் சேகரித்தார். மாதிரிகளைப் பத்திரமாக வைக்க வசதி இல்லை. வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்தார். பிறகு ஐஸ் பெட்டியில் எடுத்துக்கொண்டு வேலூர் சி.எம்.சி.க்குப் போனார். சென்னையில் அந்தச் சோதனைக்கான வசதி அப்போது கிடையாது.

ஆறு மாதிரிகளில் வைரஸ் இருந்தது. அமெரிக்காவுக்கு அனுப்பிச் சரிபார்த்தபோதும் அதே முடிவுதான். விஷயம் சட்டமன்றம் வரைக்கும் போய், நாடு முழுக்கத் தலைப்புச் செய்தியானது.

பயம் பிடித்துக்கொண்டது. பயந்தவர்களைக் குறை சொல்ல முடியாது. மருந்து இல்லாத வியாதி. வந்தவர் இறப்பது நிச்சயம் என்று இருந்த காலம். ஆனால் பயத்தோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. ‘இது யாருக்கு வரும் தெரியுமில்லே?’ என்கிற கேள்வி. காசநோய்க்கும் பயப்படுகிறோம், மஞ்சள் காமாலைக்கும் பயப்படுகிறோம். ஆனால் காமாலை வந்தவரிடம் ‘எப்படி வாங்கிக்கொண்டாய்?’ என்று யாரும் கேட்பதில்லை.

இத்தனைக்கும் வைரஸ் எப்படிப் பரவும், எப்படிப் பரவாது என்பது அப்போதே மருத்துவர்களுக்குத் தெரியும். உடலுறவு, ரத்தம், கிருமியுள்ள ஊசி, தாயிடமிருந்து குழந்தைக்கு. இந்த வழிகள்தான். ஒரே டம்ளரில் டீ குடித்தால் வராது. ஒரே டைப்ரைட்டரில் மாற்றி மாற்றி வேலை செய்தால் வராது. கை குலுக்கினால், ஒரே கழிப்பறையைப் பயன்படுத்தினால், தும்மினால், கொசு கடித்தால் வராது. 1988 ஜூனில் ஜெனீவாவில் உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் இதற்கென்றே ஒரு கூட்டம் போட்டன. வேலைக்கு எடுக்கும்போது இந்தப் பரிசோதனை தேவையே இல்லை, கிருமி இருக்கிறது என்பது வேலையை விட்டு அனுப்பக் காரணம் ஆகாது, தனக்குக் கிருமி இருப்பதை முதலாளியிடம் சொல்லும் கட்டாயம் தொழிலாளிக்குக் கிடையாது என்று தெளிவாகவே அறிக்கை விட்டார்கள்.

அறிக்கை விட்டு எட்டு மாதம்கூட முழுசாக ஆகவில்லை. கோவாவில் டொமினிக் டிசோஸா என்கிற இளைஞரைத் தேடிப் போலீஸ் வந்தது.

1989 பிப்ரவரி 14. டொமினிக்குக்கு அப்போது 30 வயதுகூட ஆகவில்லை. தவறாமல் ரத்த தானம் செய்கிற பழக்கம் உள்ளவர். வினையும் அங்கேதான் இருந்தது. தானமாகக் கொடுத்த ரத்தத்தைச் சோதித்ததில் எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. உட்கார வைத்து, விவரம் சொல்லி, தைரியம் கொடுத்து... அப்படியெல்லாம் எதுவும் நடக்கவில்லை. போலீஸ் வந்து அழைத்துக்கொண்டு போனது. பயன்பாட்டில் இல்லாத ஒரு பழைய காசநோய் மருத்துவமனையில் வைத்துப் பூட்டினார்கள். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, 64 நாள்.

திருடவில்லை, அடிதடி இல்லை, எந்தக் குற்றமும் இல்லை. ஆனாலும் சட்டப்படிதான் பூட்டினார்கள்! கோவா பொது சுகாதாரச் சட்டத்தில், எச்.ஐ.வி. உள்ளவரைத் தனிமைப்படுத்தியே ஆக வேண்டும் என்று ஒரு பிரிவைச் சேர்த்து வைத்திருந்தார்கள்.

அவருடைய அம்மா லூசி டிசோஸா வழக்குப் போட்டார். இடையில் கோர்ட் உத்தரவின் பேரில் டொமினிக் வீட்டுக்கு வந்தார். ஆனால் வழக்கில் ஜெயிக்கவில்லை. தனிமனிதரின் உரிமை ஒரு பக்கம், ஊரின் நலன் ஒரு பக்கம் என்று வந்தால் ஊர்தான் முக்கியம் என்கிற ரீதியில், தனிமைப்படுத்தும் அதிகாரம் செல்லும் என்றே நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள். எந்த கோர்ட் என்கிறீர்கள்? பம்பாய் உயர் நீதிமன்றம்தான். கோவா அதன் எல்லைக்குள் வருகிறது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

வெளியே வந்த டொமினிக்கிடம் மிஞ்சியது என்ன? அவர் பெயர் எல்லாப் பத்திரிகையிலும் வந்துவிட்டது. பார்த்துக்கொண்டிருந்த வேலையும் கையை விட்டுப் போனது. பூட்டு 64 நாளில் திறந்துகொண்டது. பெயரைத் திரும்பப் பூட்டி வைக்க முடியுமா? அவர் ஒடுங்கிவிடவில்லை, அது வேறு விஷயம். எச்.ஐ.வி. உள்ளவர்களுக்காகவே ‘பாசிட்டிவ் பீப்பிள்’ என்று ஓர் அமைப்பைத் தொடங்கினார். தொடங்கிய அதே 1992-ல் இறந்தும் போனார். 2005-ல் ‘மை பிரதர் நிகில்’ என்று ஒரு இந்திப் படம் வந்ததே, அது இவர் வாழ்க்கையின் சாயலில் எடுத்ததுதான்.

இதெல்லாம் இந்தியாவில்தான் நடக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். நியூயார்க்கில் ஜெஃப்ரி பவர்ஸ் என்றொரு வக்கீல். உலகம் முழுக்கக் கிளைகள் வைத்திருந்த மிகப் பெரிய சட்ட நிறுவனத்தில் வேலை. முகத்தில் எய்ட்ஸ் தொடர்பான புண்கள் தெரிய ஆரம்பித்தன. கொஞ்ச நாளில், 1986-ல், வேலை போய்விட்டது. புகார் கொடுத்தார். விசாரணை ஆரம்பிக்க ஒரு வருடம் ஆனது. 1987 செப்டம்பரில், 33 வயதில், இறந்துவிட்டார். நிறுவனம் செய்தது தவறு, ஐந்து லட்சம் டாலர் கொடு என்று உத்தரவு வந்தது எப்போது தெரியுமா? 1993 டிசம்பரில். ஆறு வருடம் கழித்து. அதே மாதத்தில்தான், இதே மாதிரி வேலையிழந்த ஒரு வக்கீலைப் பற்றிய ‘ஃபிலடெல்ஃபியா’ படம் அமெரிக்காவில் ரிலீஸ் ஆனது.

சட்டம் தெரிந்த, வக்கீல்கள் சூழ வாழ்ந்த ஒருவருக்கே இந்தக் கதி. இப்போது நம் எம்.எக்ஸ்.ஸைப் பாருங்கள்.

பொதுத்துறை நிறுவனங்களில் ‘கேஷுவல் லேபர்’ என்று ஒரு பட்டியல் இருக்கும். நிரந்தரத் தொழிலாளி லீவு போட்டால், லோடு அதிகமாக வந்தால், பட்டியலிலிருந்து கூப்பிடுவார்கள். கூப்பிட்ட நாளுக்குக் கூலி. கூப்பிடாத நாளுக்கு ஒன்றுமில்லை. ஆனாலும் அந்தப் பட்டியலில் பெயர் இருப்பது பெரிய விஷயம். பல வருடம் இப்படியே ஓட்டினால் என்றாவது ஒரு நாள் ‘பர்மனென்ட்’ ஆகலாம். நம் ஊரிலும் எத்தனை குடும்பங்கள் அந்த ஒரு வார்த்தையை நம்பி, பதினைந்து வருடம் இருபது வருடம் என்று காத்துக் கிடந்திருக்கின்றன. பர்மனென்ட் ஆனால் பி.எஃப்., மருத்துவச் செலவு, பெண் கொடுக்கிற இடத்தில் ஒரு மரியாதை.

எம்.எக்ஸ். இப்படிப் பல வருடம் உழைத்தவர். மனைவி, குழந்தைகள் உண்டு. நிரந்தரமாக்குகிற கட்டம் நெருங்கியது. அதற்கு முன்னால் வழக்கமான ஒரு சடங்கு: மெடிக்கல் டெஸ்ட். உடம்பு நன்றாக இருந்தது. வேலை செய்யத் தகுதியானவர். ஆனால் ரத்தத்தில் எச்.ஐ.வி. இருந்தது. பட்டியலிலிருந்து பெயரை அடித்துவிட்டார்கள்.

நேற்று வரை மூட்டை தூக்கிய அதே தோள்தான். ஒரு காகிதம் மட்டும் புதிதாக வந்தது. அந்தக் காகிதத்தால் அவருடைய பலம் ஒரு கிலோகூடக் குறையவில்லை. தோள் போதாது, ரத்தமும் சுத்தமாக இருக்க வேண்டும் என்று நிறுவனம் விதி வைத்திருந்தது.

இனி அவர் என்ன செய்வது? சும்மா இருந்தால் சோறு போச்சு. வழக்குப் போட்டால் பெயர் போச்சு. மனுவில் பெயர் எழுத வேண்டும், காரணம் எழுத வேண்டும். மறுநாள் பத்திரிகையில் வரும். வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்லுவார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைத் தனியாக உட்கார வைப்பார்கள். தெருக் குழாயில் மனைவி குடத்தை வைத்தால் மற்றவர்கள் குடத்தை நகர்த்துவார்கள். ஒரு வேலையைத் திரும்ப வாங்கப் போய், இருக்கிற எல்லாவற்றையும் இழந்துவிட்டு வர வேண்டும். டொமினிக்குக்கு நடந்ததை நாடே பார்த்திருந்தது. அதற்குப் பிறகு எவர் துணிந்து படியேறுவார்?

இதனால்தான் அந்த வருடங்களில் இந்த மாதிரி வழக்குகள் கோர்ட்டுக்கு வருவதே அபூர்வம். அநியாயம் நடக்காமல் இல்லை. நடந்ததைச் சொல்ல வாய் திறக்க முடியவில்லை. வேலையை விட்டு அனுப்புகிறவர்களுக்கும் இது நன்றாகத் தெரியும். தொழிலாளி சண்டைக்கு வர மாட்டான் என்பதைவிட ஒரு நிர்வாகத்துக்கு வேறென்ன தைரியம் வேண்டும்?

‘லாயர்ஸ் கலெக்டிவ்’ என்கிற வழக்கறிஞர்கள் அமைப்பு எம்.எக்ஸ்.ஸுக்காக வந்தது. அந்த அமைப்பின் ஆனந்த் குரோவர் வாதாடினார். பிரதான வழக்குக்கு முன்னால் ஒரு வேண்டுகோள் வைத்தார்கள்: மனுதாரரின் பெயரை மறைத்து, வேறு பெயரில் வழக்கை நடத்த அனுமதி வேண்டும்.

சின்ன விஷயம் போலத் தோன்றும். திறந்த நீதிமன்றம், எல்லாரும் பார்க்க நடக்கிற விசாரணை என்பதுதான் நம் சட்டத்தின் பெருமையே. அதில் ஒருவர் முகத்தை மூடிக்கொண்டு வர விடுங்கள் என்று கேட்பது லேசான காரியமில்லை. கோர்ட் சம்மதித்தது. எதிர்த் தரப்பின் பெயரைப் போட்டால் ஆளைக் கண்டுபிடித்துவிடலாம் என்பதால் நிறுவனத்துக்கும் ஒரு மாற்றுப் பெயர். எம்.எக்ஸ். எதிர் இசட்.ஒய். என்கிற அல்ஜீப்ரா இப்படித்தான் பிறந்தது.

நிறுவனத்தின் வாதம் என்ன? பச்சையாகச் சொன்னால், காசு. இன்று நன்றாகத்தான் இருக்கிறார், நாளைக்கு நோய் முற்றுமே? பர்மனென்ட் ஆக்கினால் வைத்தியச் செலவு யார் தலையில்? சீக்கிரம் இறந்துபோனால் குடும்பத்துக்குக் கொடுக்க வேண்டியதை எல்லாம் யார் கொடுப்பது? தெரிந்தே எதற்கு இந்தச் சுமையை ஏற்றிக்கொள்ள வேண்டும்? கேட்பதற்குக் கணக்குப்பிள்ளைத்தனமாக இருந்தாலும், இதை ஒரேயடியாக ஒதுக்கிவிட முடியாது. எத்தனையோ முதலாளிகள் மனசுக்குள் போடுகிற கணக்கு இது. இசட்.ஒய். அதை வெளிப்படையாகச் சொன்னது, அவ்வளவுதான்.

நீதிபதிகள் டிப்னிஸ், ரஞ்சனா தேசாய் இருவரும் இரண்டே இரண்டு கேள்விகளில் விஷயத்தைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். இந்த மனிதரால் இந்த வேலையைச் செய்ய முடியுமா? வேலை செய்யும் இடத்தில் இவரால் மற்றவர்களுக்கு ஆபத்து உண்டா? முடியும், ஆபத்து இல்லை என்றால், ரத்தத்தில் என்ன இருக்கிறது என்பதை மட்டும் வைத்து வேலையை மறுப்பது சரியில்லை. அப்படிச் சொல்கிற விதி அரசியல் சட்டத்தின் 14, 21-ஆம் பிரிவுகளுக்கு விரோதம். முதலாவது சமத்துவம், அடுத்தது உயிர் வாழும் உரிமை. பிழைப்பு இல்லாமல் உயிர் எப்படி வாழும்?

ஒருவேளை நோய் முற்றி வேலை செய்ய முடியாமல் போனால்? அப்போது பார்க்கலாம். அதையும் ஒவ்வொரு ஆளாக, அவரவர் உடல்நிலையைச் சோதித்துத்தான் முடிவு செய்ய வேண்டுமே தவிர, ‘பாசிட்டிவா? வெளியே போ’ என்று மொத்தமாகக் கதவைச் சாத்தக் கூடாது என்றது தீர்ப்பு. செலவுக் கணக்குக்கும் பதில் வந்தது. தீர்ப்பில் ஒரு சொல் வரும்: பொருளாதார மரணம். நோயால் வரும் மரணம் எப்போது வருமோ தெரியாது. அதற்கு முன்பே அரசும் அரசு நிறுவனமும் ஒருவருக்கு இந்த மரணத்தைக் கொடுக்கக் கூடாது.

எம்.எக்ஸ்.ஸைத் திரும்பப் பட்டியலில் சேர்க்கச் சொன்னார்கள். இழந்த வருமானத்துக்காக 40,000 ரூபாய் கொடுக்கச் சொன்னார்கள். எட்டு வருடத்துக்கு முன்னால் டொமினிக்கின் அம்மாவைத் திருப்பி அனுப்பிய அதே உயர் நீதிமன்றம்தான் இது. சட்டப் பிரிவுகள் என்னவோ அப்போதும் இப்போதும் அவையேதான்.

ஒன்றரை வருடம் போனது. 1998 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத்திலிருந்து வேறு மாதிரி ஒரு தீர்ப்பு வந்தது. நாகாலாந்து அரசு மருத்துவத் துறையில் டாக்டராக இருந்தவர் ஒருவர், உறவினரின் சிகிச்சைக்காகச் சென்னைக்கு வந்த இடத்தில் ரத்தம் கொடுக்கப்போய், எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து விஷயம் கசிந்து, நிச்சயமான கல்யாணம் நின்றது. ஊர் ஒதுக்கியது. ஊரையும் அங்கிருந்த வேலையையும் விட்டுவிட்டுச் சென்னைக்கே வந்துவிட்டார். நோயாளிக்கும் டாக்டருக்கும் நடுவில் உள்ள ரகசியத்தை உடைத்துவிட்டார்களே என்று உச்ச நீதிமன்றம் போனார். கல்யாணம் செய்ய இருந்த பெண்ணைக் காப்பாற்றச் சொன்னதில் தப்பில்லை என்றது கோர்ட். அதோடு விட்டிருக்கலாம். இப்படிப்பட்டவர்களுக்குக் கல்யாணம் செய்துகொள்ளும் உரிமையே நிறுத்திவைக்கப்பட்டது போலத்தான் என்றும் எழுதிவிட்டார்கள்! அந்தக் கடைசி வரிகள் தேவையில்லாதவை என்று அதே நீதிமன்றம் சொல்ல 2002 டிசம்பர் ஆனது. இவருக்கும் தீர்ப்பில் பெயர் ‘திரு. எக்ஸ்’தான். ஆனால் ஊர் முழுக்கத் தெரிந்த பிறகு வந்த எக்ஸ். எம்.எக்ஸ்.ஸுக்கும் இவருக்கும் உள்ள வித்தியாசம் அதில்தான் இருக்கிறது.

கிட்டத்தட்ட இதே சமயத்தில் தென்னாப்பிரிக்காவில் இன்னொரு வழக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஹாஃப்மன் என்கிறவர் 1996-ல் அந்த நாட்டு விமான நிறுவனத்தில் கேபின் பணியாளர் வேலைக்கு மனுப் போட்டார். இன்டர்வியூ, குழு விவாதம் என்று எல்லாக் கட்டத்தையும் தாண்டினார். கடைசியில் ரத்தப் பரிசோதனை. மருத்துவ அறிக்கையில் ‘எச்.ஐ.வி. பாசிட்டிவ், தகுதியில்லை’ என்று திருத்தி எழுதிவிட்டார்கள்.

நிறுவனம் சொன்ன காரணங்களைக் கேளுங்கள். வெளிநாடு பறக்க மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட வேண்டும், இவருக்குப் போட முடியாமல் போகலாம். வேறு நோய் தொற்றிப் பயணிகளுக்குக் கொடுக்கலாம். சீக்கிரம் இறந்துவிட்டால் பயிற்சிக்குச் செலவழித்த பணம் வீண். போட்டிக் கம்பெனிகள் இப்படிப்பட்டவர்களை எடுப்பதில்லை, நாங்கள் எடுத்தால் எங்களிடம் கூட்டம் வராது. எல்லாம் காரண காரியத்தோடுதான் இருந்தன. ஆனால் ஒரு ஓட்டை. புதிதாக வேலை கேட்டு வருகிறவர்களைத்தான் சோதித்தார்கள். ஏற்கெனவே பறந்துகொண்டிருந்த ஊழியர்களை யாரும் சோதிக்கவே இல்லை! அவர்களில் யாருக்காவது கிருமி இருந்தால் அந்த ஆபத்தெல்லாம் எங்கே போகும்? பயணிகளின் பாதுகாப்புதான் கவலை என்ற பேச்சு அதோடு முடிந்தது. கீழ்க் கோர்ட்டில் தோற்ற ஹாஃப்மன், 2000 செப்டம்பரில் அரசியல் சட்ட நீதிமன்றத்தில் ஜெயித்தார். நஷ்ட ஈடு கொடுத்துக் கை கழுவ விடவில்லை, வேலையையே கொடுக்கச் சொன்னார்கள்.

அவர் சொந்தப் பெயரிலேயே வழக்காடினார். எம்.எக்ஸ்.ஸால் அது முடியவில்லை. ஒருவர் தைரியசாலி, மற்றவர் கோழை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கூலி வேலை செய்து குடும்பத்தை நடத்துகிறவர் எதை எதையெல்லாம் பணயம் வைக்க முடியும் என்பதற்கு ஒரு அளவு இருக்கிறதே.

இந்தியாவில் எம்.எக்ஸ். தீர்ப்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல மற்றவர்கள் வந்தார்கள். பெரும்பாலும் எழுத்துகள்தான். 2004-ல் ‘ஜி’ என்கிற ஒரு விதவை. கணவர் பொதுத்துறை இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்த்து இறந்தவர். கருணை அடிப்படையில் மனைவிக்கு வேலை தர வேண்டிய இடத்தில், ரத்தத்தைச் சோதித்துவிட்டு இல்லை என்றார்கள். பம்பாய் உயர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. 2006-ல் ஆந்திர உயர் நீதிமன்றம், எச்.ஐ.வி. இருக்கிறது என்ற ஒரே காரணத்தால் போலீஸ் வேலையை மறுப்பது செல்லாது என்றது.

இதற்கிடையில் மருத்துவம் முந்திக்கொண்டது. 1996-லேயே கூட்டு மருந்துகள் வந்துவிட்டன. ஆனால் விலை கேட்டாலே மயக்கம் வரும். 2001-ல் நம் நாட்டு சிப்லா கம்பெனி வருடத்துக்கு 350 டாலருக்குத் தருகிறேன் என்று அறிவித்து உலகச் சந்தையையே புரட்டிப்போட்டது. 2004 ஏப்ரல் 1-ஆம் தேதி முதல் மத்திய அரசு சில அரசு மருத்துவமனைகளில் இந்த மருந்தை இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தது. அதில் நம் தாம்பரம் சானடோரியம் ஆஸ்பத்திரியும் ஒன்று. கோவாவில் ஒருவரைப் பூட்டி வைத்தது ஒரு காசநோய் ஆஸ்பத்திரியில். இங்கே வரிசையில் நின்றவர்களுக்கு மாத்திரை கொடுத்ததும் ஒரு காசநோய் ஆஸ்பத்திரியில்தான். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறவர் இன்று ஏறக்குறைய மற்றவர்களைப் போலவே நீண்ட காலம் வாழ்கிறார். ரத்தத்தில் வைரஸ் கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்து, அப்படியே நீடித்தால், உடலுறவு மூலம்கூட மற்றவருக்குப் பரவாது. இசட்.ஒய். போட்ட செலவுக் கணக்கு மொத்தமும் பழசாகிவிட்டது.

ஆனால் எம்.எக்ஸ். தீர்ப்பில் ஒரு எல்லை இருந்தது. 14, 21 என்று நீதிபதிகள் பிடித்த பிரிவுகள் அரசையும் அரசு நிறுவனங்களையும்தான் கட்டுப்படுத்தும். தனியார் கம்பெனியில், பனியன் ஃபேக்டரியில், ஓட்டலில், சாஃப்ட்வேர் ஆபீஸில் வேலை பார்க்கிறவருக்கு? அங்கே மெமோகூடத் தர மாட்டார்கள். ‘நாளையிலிருந்து வர வேண்டாம்’ என்றால் முடிந்தது கதை. நீங்களே வேலைக்குச் சேரும்போது கைநீட்டி ரத்தம் கொடுத்திருப்பீர்கள். எதற்கெல்லாம் சோதித்தார்கள் என்று கேட்டீர்களா?

இந்த ஓட்டையை அடைக்க ஒரு சட்டம் வேண்டும் என்று வரைவு எழுதி, கூட்டம் போட்டு, இழுபறியாகி... நாடாளுமன்றத்தில் நிறைவேற 2017 ஆனது. நடைமுறைக்கு வந்தது 2018 செப்டம்பர் 10-ல். அரசு, தனியார் என்ற வித்தியாசம் இதில் இல்லை. வேலைக்கு எடுக்க எச்.ஐ.வி. சோதனையை நிபந்தனையாக வைக்கக் கூடாது. வேலையை விட்டு அனுப்புவதாக இருந்தால், இவரால் அந்த இடத்தில் கிருமி பரவும் பெரிய ஆபத்து இருக்கிறது அல்லது இவரால் வேலை செய்ய முடியாது என்று நிறுவனத்தைச் சாராத மருத்துவர் எழுத்தில் கொடுக்க வேண்டும். ஏன் இவருக்கு ஏற்ற மாற்று ஏற்பாடு செய்து தர முடியவில்லை என்று முதலாளியும் எழுதிக் கொடுக்க வேண்டும். டிப்னிஸும் ரஞ்சனா தேசாயும் கேட்ட இரண்டு கேள்விகள்தான், சட்ட மொழியில். நூறு பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடங்களில் புகார் அதிகாரி ஒருவர் இருக்க வேண்டும் என்றும் இருக்கிறது. உங்கள் ஆபீஸில் அவர் யார் என்று விசாரித்துப் பாருங்கள், சுவாரசியமாக இருக்கும்.

சட்டத்தின் 34-ஆம் பிரிவு பலரும் கவனிக்காதது. எச்.ஐ.வி. உள்ளவர் கோர்ட்டுக்கு வந்தால், கேட்டுக்கொண்டால், மாற்றுப் பெயரில் வழக்கை நடத்தலாம். மூடிய அறையில் விசாரிக்கலாம். அடையாளத்தை வெளியிடக் கூடாது என்று தடை போடலாம். 1997-ல் எம்.எக்ஸ். கெஞ்சிக் கேட்டு வாங்கியது, 21 வருடம் கழித்துச் சட்டமாகவே வந்துவிட்டது.

வழக்குகள் நின்றபாடில்லை. மத்திய ரிசர்வ் போலீஸில் 1993-ல் கான்ஸ்டபிளாகச் சேர்ந்த ஒருவர் காஷ்மீரில் பணியாற்றியவர். 2008-ல் எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. வேலையைத் தொடர்ந்து செய்துகொண்டுதான் இருந்தார். 2013-ல் பதவி உயர்வு கொடுத்தார்கள், அடுத்த வருடமே திரும்ப வாங்கிக்கொண்டார்கள். வழக்குப் போட்டார். தனி நீதிபதி 2023 மே மாதம் தள்ளுபடி செய்தார். ஜூலையில் அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகள் அமர்வு அந்தத் தீர்ப்பை ரத்து செய்து, பதவி உயர்வைக் கொடுக்கச் சொன்னது. இதற்குள் அவர் சீருடை போட்டு முப்பது வருடம் ஆகியிருந்தது.